தூங்குகிற பல்லியை எடை போடுங்கள்

கார்த்திகை தீபம் முடிந்த வாரத்திலிருந்து எங்கள் கிளினிக்குக்கு அட்டைப்பெட்டிகள் வரத் தொடங்கும். செருப்புப் பெட்டி, தெர்மோகோல் பெட்டி, சில சமயம் மூடியில் ஆணியால் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே துண்டில் சுற்றி, வீட்டில் வளர்க்கும் பல்லி ஒன்று, பியர்டட் டிராகனோ லெப்பர்ட் கெக்கோவோ, கண்ணை மூடிக் கிடக்கும். கொண்டுவருகிறவர் அனேகமாக ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "டாக்டர், ஹைபர்னேஷன்ல இருக்குதுன்னு நினைக்கிறேன். சும்மா ஒரு தடவ பாத்துடுங்க."

ஓசூரில் கால்நடை மருத்துவம் பார்த்துவரும் இத்தனை காலத்தில், அப்படிச் சொல்லித் திறந்த பெட்டிகளில் உண்மையிலேயே நலமாக உறங்கிக்கொண்டிருந்த பல்லிகள் மிகச் சில. மற்றவை நோயாளிகள். பசியாலோ, நீர் வற்றியோ, நுரையீரலில் சளி கட்டியோ, வயிற்றில் முட்டை சிக்கியோ அசைவற்றுக் கிடந்தவை. வீட்டில் இருப்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தே தொடாமல் விட்டிருப்பார்கள். அந்த நல்லெண்ணமே பல உயிர்களுக்கு எமனாக முடிந்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்தபோது எனக்கு ஊர்வன மருத்துவம் தொழிலாகும் என்ற எண்ணமே இருக்கவில்லை. ஓசூர் என்றால் எங்கள் துறையில் மாடும் குதிரையும்தான் ஞாபகத்துக்கு வரும். 1824இல் கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய மத்திகிரிப் பண்ணை இன்றும் அரசு கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. காலையில் கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கம் மாடு பார்ப்பது, மாலையில் ஊருக்குள் நாய், பூனை என்று என் நாட்கள் போயின. ஆனால் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. சிப்காட் தொழிற்பேட்டையும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்ற ஆலைகளும் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தன. பிறகு பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி நம் எல்லை வரைக்கும் நெருங்கி வந்தது. ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வீட்டு வாடகை குறைவு என்பதால் பாகலூர் சாலையிலும் மூக்கண்டப்பள்ளியிலும் அடுக்குமாடிகள் முளைத்தன. நாய் வளர்க்க அனுமதி இல்லாத அடுக்குமாடிகளில், குரைக்காத, முடி உதிராத பிராணி தேடிய இளைஞர்கள் பல்லியிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களோடு நானும் வந்து சேர்ந்தேன்.

ஓசூரின் குளிரைப் புரிந்துகொள்ளாமல் இங்கே ஊர்வன வளர்க்க முடியாது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 13, 14 டிகிரிக்கு இறங்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். (பெங்களூரில் 1884 ஜனவரியில் 7.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த ஊரின் குளிர்ச் சாதனை இன்றுவரை அதுதான்.) ஆனால் அதே நாளின் பிற்பகலில் வெயில் 27, 28 டிகிரிக்கு ஏறிவிடும். தகரக் கூரை போட்ட மொட்டை மாடி அறையில் அதற்கும் மேல். ராத்திரி குளிர்காலம், மத்தியானம் கோடைகாலம். இந்த அரைகுறைக் குளிர்தான் வில்லன்.

ஹைபர்னேஷன் என்று அவர்கள் சொல்லும் குளிருறக்கம் என்பது என்ன? ஊர்வனவற்றுக்கு உடலுக்குள் அடுப்பு இல்லை. வெளியிலிருந்து வாங்கும் சூட்டில்தான் அவற்றின் உடல் இயங்குகிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தில் வாழும் பியர்டட் டிராகன் அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் மண்ணுக்குள்ளோ மரப்பொந்திலோ ஒடுங்கிவிடும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பாறைச் சரிவுகளைச் சேர்ந்த லெப்பர்ட் கெக்கோ, வால் நிறையக் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாறை இடுக்கில் பதுங்கும். இதயத் துடிப்பு மெல்லக் குறையும், குடல் நின்றுவிடும், சேமிப்புக் கொழுப்பு சிறுகச் சிறுகச் செலவாகும். நம் நாட்டிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ராஜஸ்தானிலும் கட்ச் பாலையிலும் வாழும் முள்வால் பல்லி, குளிர் தொடங்கியதும் வளைக்குள் போய் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெயில் திரும்பும்போதுதான் வெளியே வரும்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது சீரான குளிர். மண்ணுக்கடியில் இரவுக்கும் பகலுக்கும் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. ஆறாவது மாடி பால்கனிக் கதவருகே வைத்த கண்ணாடித் தொட்டி அப்படியில்லை. ராத்திரி 14 டிகிரியில் அந்த உடல் ஒடுங்கும். மறுநாள் பிற்பகல் 28 டிகிரியில் பாதி விழிக்கும், கொழுப்பை எரிக்கும், ஆனால் தின்னும் அளவுக்குச் சூடு கிடைக்காது. பியர்டட் டிராகன் செரிமானம் செய்ய, வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி வரை வேண்டும். அது கிடைக்காத வயிற்றில் போன புழு அப்படியே தங்கி அழுகும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒவ்வொரு நாளும் அந்த உயிர் தேய்ந்துகொண்டே போகும். வீட்டில் எல்லோரும் அது உறங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதை எனக்கு மிகச் சுருக்கமாகப் புரியவைத்தவர் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பட்டுப்புழு விவசாயி ஒருவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது விட்டுப்போன லெப்பர்ட் கெக்கோவை எடுத்துக்கொண்டு வந்தார். நான் வெப்பத்தைப் படிப்படியாக இறக்குவது பற்றிப் பேசத் தொடங்கியதும் அவரே முடித்துவைத்தார்: "ஏன் சார், நாங்க முட்டையவே படிப்படியா எறக்கி, படிப்படியா ஏத்தறோம். உசுரோட இருக்கறத எப்படி ஒரே ராத்திரில எறக்கறது?"

அவர் சொன்னது இந்த மண்ணின் தொழில். இருவிளைவுப் பட்டுப்புழு முட்டைகளுக்கு இயற்கையிலேயே ஓர் உறக்கநிலை உண்டு. அதைக் காப்பாற்றித் தேவைப்படும் மாதத்தில் பொரிக்க வைக்க, முட்டை வித்தகங்களில் 25 டிகிரியிலிருந்து 20, 15, 10, 5, அதற்கும் கீழே 2.5 என்று கட்டம் கட்டமாகக் குளிரூட்டி மாதக்கணக்கில் வைப்பார்கள். எடுக்கும்போதும் அதேபோல நடுவில் நிறுத்தி நிறுத்திச் சூடேற்றுவார்கள். நாட்டின் பட்டுப்புழு, மல்பெரி இனங்களைப் பாதுகாக்கும் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையமே ஓசூரில்தான் இருக்கிறது. குளிர் என்பது அளந்து கொடுக்கவேண்டிய பொருள் என்பது இங்கே மல்பெரி போட்டவர்களுக்குத் தலைமுறைப் பாடம். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் வாடிக்கையாளர்களுக்கு அதை நான் அரைமணி நேரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்டி வந்ததும் நான் முதலில் செய்வது எடை போடுவது. மருந்து, ஊசி எல்லாம் பிறகு. சமையலறையில் மாவு அளக்கும் டிஜிட்டல் தராசு போதும், ஒரு கிராம் வரை காட்டினால் சரி. போன மாத எடை எவ்வளவு என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்காது. அங்கேயே பாதி நோயறிதல் தடைப்பட்டுப் போகும். உண்மையாக உறங்கும் பல்லி எடை அதிகம் இழக்காது, ஏனென்றால் அதன் செலவு அவ்வளவு குறைவு. உறங்கத் தொடங்கிய எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அது உறக்கமில்லை, எழுப்ப வேண்டும்.

அடுத்து கை. பியர்டட் டிராகனின் வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். நலமாக இருந்தால் சதை உருண்டையாக இருக்கும். பட்டினி என்றால் இடுப்பெலும்பு முனை விரலில் குத்தும். தலையில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்பு மேடு குழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விலாப்பக்கத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் உடலில் நீர் இல்லை. பிறகு மெதுவாக மல்லாக்கப் புரட்டுவேன். உறங்குகிற பல்லிக்கு அது பிடிக்காது. மெதுவாகவேனும் புரண்டு நிமிரும், ஒரு கண்ணையாவது திறந்து என்னைப் பார்க்கும். நோயாளி அப்படியே கிடக்கும். கடைசியாக வாய். கடைவாயோரம் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டையை நுழைத்துத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். நூல் நூலாக எச்சில் இழுத்தாலோ மூக்குத் துளையில் குமிழி வந்தாலோ நுரையீரல் தொற்று. அந்தப் பல்லி இனி ஒரு குளிர் ராத்திரியும் தாங்காது.

நுரையீரல் தொற்று வந்த பல்லிக்கு ஊசி போடுவதற்கு முன்னால் சூடு கொடுக்கிறேன். ஏன் என்று பலரும் கேட்பார்கள். 1975இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குளுகர் என்ற உடலியல் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியாத் தொற்றை உண்டாக்கி வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதிகச் சூட்டில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ச்சியில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் செத்தன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. பல்லி நோயுற்றால் சூடான இடத்தைத் தேடிப்போய்க் காய்ச்சலைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியில் சூடான இடமே இல்லையென்றால் அது எங்கே போகும்? குளிர்ந்த உடலில் ஆன்டிபயாடிக் மருந்தும் சரியாகப் பரவாது, வெளியேறவும் செய்யாது. சில மருந்துகளை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடுகிறோம் என்றால், அந்தக் கணக்கே சரியான வெப்பத்தில் இருக்கும் உடலுக்காகப் போடப்பட்டது.

ஒரு ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெண் ஒருவர் கொண்டுவந்த பியர்டட் டிராகனை இங்கே சொல்ல வேண்டும். மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, ஒரு மூலையில் மணலைத் தோண்டிவிட்டு அப்படியே படுத்திருக்கிறது என்றார். "தூங்கத்தான் குழி தோண்டுதுன்னு விட்டுட்டேன் டாக்டர்." எடை குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, விரலில் கொட்டைகள் வரிசையாகத் தட்டுப்பட்டன. எக்ஸ்ரேயில் மெல்லிய ஓட்டோடு முட்டைகள். ஆண் துணை இல்லாமலே பெண் டிராகன் முட்டை வைக்கும். வைக்கச் சரியான ஈர மண்ணும் சூடும் கால்சியமும் இல்லாவிட்டால் உள்ளேயே தங்கிப்போகும். கால்சியம் கொடுத்து, சூடேற்றி, ஈரமணல் நிரப்பிய பெரிய பெட்டியில் விடச் சொன்னேன். மறுநாள் காலை ஷிஃப்ட் முடிந்து அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் மணலுக்குள் வெள்ளை முட்டைகள் தெரிந்தன. இன்னும் ஒரு வாரம் தூக்கம் என்று நினைத்திருந்தால் அறுவை சிகிச்சை, அல்லது அதற்கும் வாய்ப்பில்லாமல் போயிருக்கும்.

இகுவானா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இகுவானாவுக்குக் குளிருறக்கம் கிடையவே கிடையாது. அது மத்திய, தென் அமெரிக்க வெப்பக் காடுகளின் மிருகம். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி வானிலை அலுவலகம், மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம் என்று மக்களுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டி வந்தது. குளிரில் அவற்றின் தசைகள் செயலிழந்து கிளையிலிருந்து பிடி விட்டுப்போகும். நம் ஊர் 13 டிகிரியில் மரத்திலிருந்து விழாது என்றாலும், பச்சை உடல் கருத்துப்போய்த் தின்பதை நிறுத்திவிடும். அதை யாராவது உறக்கம் என்று சொன்னால் நம்பாதீர்கள். இகுவானாவுக்கு நம் குளிர்காலம் முழுக்க விளக்கு, சூடு, கீரை எல்லாம் கோடையைப் போலவே வேண்டும். கிரெஸ்டட் கெக்கோவுக்கும் கட்டாயக் குளிர் ஓய்வு தேவையில்லை. இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் யாரும் பல்லியை உறங்க விடவே கூடாதா? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. என் தீர்ப்பு இது: இனப்பெருக்கம் செய்யாத வீட்டுப் பல்லிக்குக் குளிருறக்கம் கட்டாயமில்லை. சூடும் ஒளியும் குறையாமல் கொடுத்தால் பெரும்பாலானவை குளிர்காலத்தைக் கடந்துவிடும். ஆனால் சில பெரிய டிராகன்கள், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும், நாள் சுருங்குவதைத் தோலால் உணர்ந்தது போலத் தாமே மந்தமாகி மறைவிடத்துக்குள் போய்விடும். அப்போது வாயைத் திறந்து திணிக்காமல், முறையாக ஓய்வெடுக்க விட வேண்டும். முறை என்றால் இதுதான்.

ஒரு வயது ஆகாததையும், புதிதாக வாங்கியதையும், மெலிந்ததையும், நோயிலிருந்து தேறிக்கொண்டிருப்பதையும் உறங்க விடக்கூடாது. மற்றவற்றுக்கு முதலில் மலப் பரிசோதனை. காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் குடற்புழுவும் டிராகன்களிடம் சாதாரணம்; விழித்திருக்கும் உடல் அவற்றை அடக்கி வைத்திருக்கும், உறங்கும் உடலால் முடியாது. பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டு விளக்கையும் சூட்டையும் மட்டும் முழுமையாக வைத்திருக்க வேண்டும். குடல் காலியாக வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. இதைச் சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள். தூங்கப்போகிறதே என்று கடைசி நாள் வயிறு முட்டக் கொடுத்து விளக்கை அணைக்கிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் விளக்கு எரியும் நேரத்தையும் வெப்பத்தையும் குறைத்து, 16 முதல் 18 டிகிரியில் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். ஓசூரில் பால்கனியில் அது நிற்காது. வடக்குப் பார்த்த உள்ளறை, சுவரோரத் தரை, தடித்த தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தால் நிற்கும். தண்ணீர் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீர் வற்றினால் யூரிக் அமிலம் மூட்டிலும் சிறுநீரகத்திலும் படியும், அதைத் திருப்பி எடுக்க எங்களிடம் மருந்து இல்லை. வாரம் ஒரு முறை தொட்டு, எடை போட்டு, எழுதி வைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் போதும். எழுப்பும்போது ஒரு வாரத்தில் மெல்ல ஒளியையும் சூட்டையும் ஏற்றி, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, முதலில் தண்ணீர், முழுச் சூட்டில் இரண்டு மூன்று நாள் இருந்த பிறகே சாப்பாடு.

சூடு கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. கோழிக்குஞ்சு வளர்க்கும் பல்பைக் கம்பி வலை இல்லாமல் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, டிராகன் அதில் ஏறி அடிவயிறு வெந்துபோய் வந்த கதைகள் ஒவ்வொரு தை மாதமும் உண்டு. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுக்கல்லும் அப்படித்தான். இந்த விஷயத்தில் சிப்காட் ஊழியர்களைப் பாராட்ட வேண்டும். ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பிரிவில் வேலை பார்க்கும் பெரியவர், தன் பேரனின் கெக்கோவுக்காக பி.டி.100 சென்சார், பி.ஐ.டி. கன்ட்ரோலர், ரிலே எல்லாம் வைத்து ஒரு பெட்டி செய்துகொண்டு வந்து காட்டினார். ஆலையில் உலைக்கு வைக்கும் அதே ஒழுங்கு. தொட்டியின் இரண்டு முனைகளிலும் வெப்பம் தனித்தனியாகத் தெரியும், அளவு தாண்டினால் தானாக அணையும். "மெஷினுக்கே இவ்வளவு பாக்கறோம் சார், உசுருக்குப் பாக்க வேணாமா?" என்றார். மின்வெட்டு வந்தால் யூ.பி.எஸ். மூலம் சூடேற்றும் பேட் மட்டும் ஓடும்படி அமைத்திருந்தார். அவருடைய வரைபடத்தை அனுமதி வாங்கிப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

வெயில் நமக்கு இலவசம், ஆனால் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூ.வி.பி. கதிர் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. அந்தக் கதிர் இல்லாமல் கால்சியம் எலும்பில் சேராது. தாடை ரப்பர் போல வளையும் நோய் வந்த டிராகன்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறேன். குளிர்காலக் காலையில் ஒன்பது மணிக்கு மேல் கம்பி வலைக் கூண்டில், பாதி நிழலோடு, அரைமணி நேரம் வெயில் காட்டுங்கள். கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள்; உள்ளே சூடு ஏறிப் பத்து நிமிடத்தில் உயிர் போய்விடும். யூ.வி.பி. குழல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒளி இருக்கும், கதிர் தேய்ந்துபோயிருக்கும். உணவுக்குக் கடையில் விற்கும் கொழுப்பு மிகுந்த புழுவை நம்ப வேண்டாம். மல்பெரி இலை தின்று வளரும் பட்டுப்புழு, உறங்கி எழுந்த டிராகனுக்கு மென்மையான, கொழுப்புக் குறைந்த உணவு. ராயக்கோட்டைப் பக்கம் கேட்டால் பட்டு விவசாயிகள் மகிழ்ந்து கொடுப்பார்கள். பூச்சிமருந்து படாத மல்பெரி இலையே இகுவானாவுக்கும் உகந்தது. பாலக் கீரை அதிகம் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி நான் கண்டிப்பாகப் பேச வேண்டிய பகுதி. வெளிநாட்டு ஊர்வனவற்றில் பல, வன உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. இகுவானா அதில் ஒன்று. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அத்தகைய விலங்குகளை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ரசீது இல்லாமல், ஊர் தெரியாமல் விற்கப்படும் பல்லி எப்படி வந்தது என்று ஒரு கணம் யோசியுங்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டிகளில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. அடுத்த மாதம் பெங்களூர் விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 234 விலங்குகள். துணிப்பைகளுக்குள் கட்டி வரும் அந்தப் பயணத்தில் பிழைத்ததுதான் கடைக்கு வருகிறது. நுரையீரல் தொற்றோடும் ஒட்டுண்ணியோடும் முதல் குளிர்காலத்தில் அது என் மேசைக்கு வந்து சேர்கிறது.

நம் ஊர் உடும்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோயிலின் தலபுராணத்தில் சிவன் உடும்பாக வந்தார், அதைத் தொடர்ந்து ஓடிய அம்பாள் தொட்டதும் மரகத நிறமானாள் என்று சொல்வார்கள். அந்த ஊரில்தான் மார்கழிக் காலையில் சாலையோரம் விறைத்துக் கிடக்கும் உடும்பை ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் கறிக்கும் எண்ணெய்க்கும் பிடிக்கிறார்கள். உடும்பு எண்ணெயால் மூட்டுவலி போகும் என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட உயிர் அது. பிடித்தால் சிறை உண்டு. இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம்தான். சிலர் அதைக் கம்பளியில் சுற்றி என்னிடம் கொண்டுவருகிறார்கள். காயமில்லாத உடும்புக்கு என்னால் செய்ய ஒன்றுமில்லை. அது செத்துக்கொண்டிருக்கவில்லை, குளிரில் கால் வராமல் வெயிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. வண்டி போகாத பக்கம் ஒதுங்கும்வரை பார்த்து நின்றாலே போதும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். குவாரிகளும் புதிய தொழிற்பேட்டைகளும் பாறைக் குன்றுகளை எடுத்துக்கொண்டிருக்கிற இந்த மாவட்டத்தில், அது பதுங்கப் பாறை இடுக்கு குறைந்துகொண்டே வருகிறது.

வீட்டில் பல்லி வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஐப்பசி முடிவதற்குள் கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள். எடையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்து, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு அது தூங்கினால் வாரா வாரம் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, புரட்டினால் நிமிராமல் கிடந்தாலோ, பொங்கல் விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள். வரும் வழியில் பெட்டிக்குள் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள்.